பைக்குக்கு பி.பி. பார்த்தோம்!

கொல்லிமலை போயிருக்கீங்களா பாஸ்? காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்து மேலே போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். நாங்கள் போனபோது முப்பத்தொன்றாவது வளைவு வரைக்கும் எல்லாம் சூப்பர். அண்ணன் ஓட்ட, நான் பின்னாடி உட்கார்ந்து செல்போனில் மலையை வளைத்து வளைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வண்டி ஒரு இருமல். அப்புறம் இன்னொன்று. அண்ணன் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறான், முறுக்குகிறான்... வண்டி இழுக்கவே இல்லை. பின்னால் ஒரு மினி பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி வருகிறது. இடது பக்கம் பள்ளம். வளைவின் நடுவில், ஏற்றத்தில், ரெண்டு பேரையும் பையையும் சுமந்துகொண்டு ஒரு பைக் 'எனக்கு முடியலை'னு சொன்னால் எப்படி இருக்கும்? நான் கீழே குதித்துத் தள்ள ஆரம்பித்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

இருபது நிமிஷம் ஓரமாக நிறுத்தினோம். ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காதது மாதிரி ஜம்மென்று கிளம்பியது. எட்டு வளைவு தாண்டியதும் மறுபடி அதே இருமல். மாசிலா அருவியாவது, ஆகாய கங்கையாவது... யூ-டர்ன் போட்டு இறங்கிவிட்டோம். இறக்கத்தில் ஒரு பிரச்னையும் இல்லை என்பதுதான் கடுப்பு!

வண்டி ஒற்றை சிலிண்டர் டூரிங் பைக். ரேடியேட்டர், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் எல்லாம் உண்டு. எந்த கம்பெனி என்று கேட்காதீர்கள். குத்தம் கம்பெனி மேலே இல்லை என்பது கடைசியில் உங்களுக்கே தெரியும்.

சென்னை வந்ததும் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டோம். சாயங்காலமே போன் வந்துவிட்டது. "சார், ஃப்யூயல் பம்ப் போயிடுச்சு. முழு செட்டா மாத்தணும். பதினோராயிரத்துச் சொச்சம் ஆகும்."

"பிரஷர் அளந்து பார்த்தீங்களா?" என்று நான்தான் போனைப் பிடுங்கிக் கேட்டேன்.

"அளக்கல்லாம் வேணாம்மா. இந்த கம்ப்ளைன்ட்டுக்கு பம்ப்தான்."

காய்ச்சல் என்று போனால் தெர்மாமீட்டர் வைக்காமலே ஆபரேஷன் தேதி குறிக்கிற டாக்டர் மாதிரி இருந்தது. பதினோராயிரம் என்பது எங்கள் வீட்டில் ரெண்டு மாத மளிகை. வண்டிக்கு இன்னும் ஈ.எம்.ஐ. வேறு ஓடுகிறது. வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டோம். 'நாமே அளந்து பார்த்தால் என்ன?' என்று கேட்டது மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிற நான். 'செய்யலாமே' என்று சொன்னது ஐ.டி.யில் வேலை பார்க்கிற அண்ணன். 'வீட்டைக் கொளுத்தப் போறீங்களா ரெண்டு பேரும்?' என்று கேட்டது அம்மா. மூன்றில் அம்மாவின் கேள்விதான் புத்திசாலித்தனமான கேள்வி. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

கார்புரேட்டர் தாத்தாவும் இன்ஜெக்‌ஷன் பேரனும்

அப்பா காலத்து பைக்கில் பிரஷர் பற்றிக் கவலையே கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தானாக இறங்கி வரும், இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது கூடவே பெட்ரோலையும் இழுத்துக்கொள்ளும். ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடிக்கிற கதைதான்.

இந்தியாவில் 2006ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ. வந்தது. அடுத்த வருஷம் பல்ஸர் 220 இன்ஜெக்‌ஷனோடு வந்து, 2009ல் அதே பல்ஸர் 220 திரும்பவும் கார்புரேட்டருக்கே போனது! அப்போது இன்ஜெக்‌ஷன் என்றாலே மெக்கானிக்குகளுக்கு அலர்ஜி. 2020 ஏப்ரல் 1ல் பி.எஸ்.6 விதி வந்ததும் ஆட்டம் முடிந்தது. ஒன்றிரண்டு மாடல்கள் தவிர எல்லாம் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. உங்கள் காலேஜ் பார்க்கிங்கில் நிற்கிற புது ஆக்டிவாவில்கூட இதுதான்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே, பெட்ரோலில் மூழ்கியபடி ஒரு எலெக்ட்ரிக் பம்ப் இருக்கும். அது பெட்ரோலை அழுத்தித் தள்ளும். அழுத்தம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள ஒரு ரெகுலேட்டர். அங்கிருந்து ஒரு ஹோஸ் வழியாக இன்ஜெக்டருக்கு. இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தில் திறந்து மூடுகிற ஒரு குட்டிக் குழாய், அவ்வளவுதான். எத்தனை மில்லி செகண்ட் திறக்கணும் என்று முடிவு பண்ணுவது இ.சி.யூ. என்கிற கம்ப்யூட்டர்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. இ.சி.யூ.வுக்கு நேரம்தான் தெரியும். பெட்ரோலின் அளவு தெரியாது. 'இத்தனை மில்லி செகண்ட் திறந்தால் இத்தனை பெட்ரோல் போகும்' என்பது அழுத்தம் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் போடுகிற கணக்கு. பெரும்பாலான பைக்குகளில் பெட்ரோலின் அழுத்தத்தை அளக்க சென்சாரே கிடையாது. அதனால்தான் மலையில் வண்டி அத்தனை இருமியும் மீட்டரில் செக் லைட் எரியவில்லை.

எவ்வளவு குறையும்? செகண்ட் இயர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் பெர்னோலி சமன்பாட்டை பதின்மூணு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினோமே, அது இங்கே வேலைக்கு வருகிறது. ஓட்டையின் வழியே போகிற அளவு, அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தம் பாதியானால் பெட்ரோல் பாதியாகாது; சுமார் 29 சதவிகிதம்தான் குறையும். ஆனால், அதுவே இன்ஜினுக்கு ரொம்ப அதிகம். 1 கிராம் பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று போதும். காற்று அப்படியே இருந்து பெட்ரோல் மட்டும் குறைந்தால் கலவை மெலிந்து, இன்ஜின் சூடாகும், தடுமாறும். மெதுவாகப் போகும்போது ஆக்ஸிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்து ஓரளவு சமாளித்துவிடும். முழு ஆக்ஸிலேட்டரில் பெரும்பாலான வண்டிகளில் அந்த சென்சாரின் பேச்சை இ.சி.யூ. கேட்காது. ஆக, ஊருக்குள் நல்ல பிள்ளை, மலை ஏற்றத்தில் மக்கர்!

அந்த 'பார்' இல்லை, இது வேற பார்!

எங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் போட்டிருந்தது 3 பார். (டாஸ்மாக் பக்கத்தில் இருக்கிற பார் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) 3 பார் என்றால் 300 கிலோ பாஸ்கல், அதாவது 43.5 பி.எஸ்.ஐ. பஞ்சர் கடையில் கார் டயருக்கு அடிக்கிற காற்றைவிட அதிகம். வீட்டு குக்கரில் விசில் வருகிறபோது உள்ளே இருப்பது ஏறக்குறைய 1 பார். அதைப்போல மூன்று மடங்கு அழுத்தத்தில் உங்கள் தொடைகளுக்கு நடுவே பெட்ரோல் நிற்கிறது! எல்லா வண்டிக்கும் 3 பார் இல்லை. மூன்றரை பார் கேட்கிற வண்டிகளும் உண்டு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை உங்கள் வண்டியின் மேனுவலில்தான் பார்க்கணும். பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான் என்று ஆரம்பிக்காதீர்கள்.

ஜி.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி, 7 பார் வரை காட்டுகிற ஒரு ஃப்யூயல் பிரஷர் கேஜும், 'டி' வடிவ அடாப்டரும் வாங்கினோம். ரெண்டாயிரத்துக்குள் முடிந்தது. டயருக்குக் காற்று பார்க்கிற கேஜை இதற்கு வைக்கலாமா என்று அண்ணன் கேட்டான். கூடவே கூடாது. பெட்ரோல் அதன் உள்ளே இருக்கிற ரப்பரைத் தின்றுவிடும். ஹோஸும் அப்படித்தான். பழைய கார்புரேட்டர் வண்டிக்குப் போடுகிற ட்யூப் இந்த அழுத்தத்துக்கு லாயக்கில்லை. இன்ஜெக்‌ஷனுக்கென்றே வருகிற ஹோஸில் 'ஜே30 ஆர்9' என்று அச்சடித்திருக்கும். அதைப் பார்த்து வாங்கணும். கடைக்காரர், "எல்லாம் ஒண்ணுதான்மா" என்றார். ஒண்ணு இல்லை அங்கிள்!

அம்மா ஏன் கரெக்ட்?

பெட்ரோல் எரியாது, பெட்ரோலின் ஆவிதான் எரியும். மைனஸ் 40 டிகிரி குளிரில்கூட தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி வரும். அப்போ சென்னை வெயிலில்? காற்றில் ஒன்றரை சதவிகிதம்கூட வேண்டாம், ஒரு பொறி போதும். அதைவிட முக்கியம், அந்த ஆவி காற்றைவிட மூணு நாலு மடங்கு கனம். மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தரையாக ஊர்ந்து போய்ப் பள்ளத்தில் தங்கும்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் பைக் நிறுத்துவது தரைத்தள பார்க்கிங். அங்கேதான் தண்ணி மோட்டார் ஸ்விட்ச். அங்கேதான் வாட்ச்மேன் தாத்தா உட்கார்ந்து பீடி பற்ற வைப்பார். சாயங்காலம் ஆனால் அதே இடத்தில் கொசுவர்த்திக்காக ஒரு தீக்குச்சி. இந்த லிஸ்ட்டைப் போட்டது அம்மா. நாங்கள் இதில் ஒன்றைக்கூட யோசித்திருக்கவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வண்டியை கேட்டுக்கு வெளியே, திறந்த வாசலில் நிறுத்தினோம். ராத்திரி முழுக்க நின்றதால் இன்ஜின் ஜில்லென்று இருந்தது. இது ரொம்ப முக்கியம். பவுடர் அடிக்கிற தீயணைப்பான் ஒன்றை அண்ணனின் ஃப்ரெண்ட் காரில் இருந்து கடன் வாங்கி வைத்தோம். பக்கெட் தண்ணீர் இதற்கு உதவாது. எரிகிற பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து இன்னும் பரவும். அம்மா கேட்டில் காவல்.

நேராக ஹோஸைப் பிடுங்கக் கூடாது. உள்ளே அழுத்தம் நிற்கிறதே! முதலில் பம்ப்பின் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினோம். ஹோஸில் இருக்கிற பெட்ரோல் தீரும்வரை ஓடித் தானாக அணைந்தது. இன்னும் ரெண்டு தடவை செல்ஃப் அடித்தோம். சாவியை ஆஃப் பண்ணி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினோம். கண்ணுக்குக் கண்ணாடி. ஜாயின்ட்டைப் பழைய பனியன் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு கிளிப்பை அமுக்கி இழுத்தால், அப்போதும் அரை டம்ளர் பெட்ரோல் துணியில் இறங்கியது. அழுத்தத்தை எடுக்காமல் இழுத்திருந்தால் அது நேராக முகத்துக்கு வந்திருக்கும்.

ஹோஸுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே 'டி' அடாப்டர், அதன் மூன்றாவது வாயில் கேஜ். பேட்டரியை மாட்டி, ஃப்யூஸைப் போட்டு, கில் ஸ்விட்ச்சை ஆன் பண்ணி, சாவியைத் திருப்பினான் அண்ணன். சாவி ஆன் பண்ணினதும் ரெண்டு மூணு செகண்ட் 'உய்ங்'னு ஒரு சத்தம் வருமே, அதுதான் பம்ப். அந்தச் சத்தத்தோடு 'புஸ்'னு இன்னொரு சத்தமும் வந்தது.

அடாப்டர் ஜாயின்ட்டில் இருந்து மெல்லிசாகப் புகை மாதிரி பெட்ரோல் பீய்ச்சி, இன்ஜின் மேலே முழுக்கத் தெளித்துவிட்டது! நான் கத்த, அண்ணன் சாவியை அணைக்க, எல்லாம் ரெண்டு செகண்ட்தான். நான்தான் ரப்பர் ஓ-ரிங்கைச் சரியாக உட்கார வைக்காமல் அழுத்தியிருக்கிறேன். 'க்ளிக்' சத்தம் கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தால், கேட்கவே இல்லை. இன்ஜின் சூடாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேற யாராவதுதான் எழுதியிருப்பார்கள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

துடைத்து, வாடை போகிறவரை அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஓ-ரிங்கை மாற்றி, இழுத்துப் பார்த்து, மறுபடி சாவி. இந்தத் தடவை சொட்டு ஈரம் இல்லை. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் சாவியை மட்டும் ரெண்டு மூணு தடவை ஆன் - ஆஃப் பண்ணி, ஜாயின்ட் தாங்குகிறதா என்று பார்ப்பதை எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள்.

முள் சொன்ன கதை

சாவி போட்டதும் முள் எழுந்து 2.8ல் நின்றது. மேனுவல் சொன்ன 3க்குக் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினோம். 2.8. "பம்ப் நல்லா இருக்கு, பேக் பண்ணு" என்றான் அண்ணன். மலையில்கூட முதல் முப்பது வளைவு நல்லாத்தானே இருந்தது? சூடு ஏறட்டும் என்று நான் அடம்பிடித்தேன்.

பத்து நிமிஷத்தில் 2.6. ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவை ஓடி நின்றது. 2.4. இரண்டாவது தடவை ஃபேன் ஓடும்போது முள் 2.2ல் நடுங்கிக்கொண்டிருந்தது. பெர்னோலி கணக்குப்படி இன்ஜெக்டருக்குப் போகிற பெட்ரோலில் சுமார் 14 சதவிகிதம் காலி. இதுவே சும்மா நிற்கும்போது! ஏற்றத்தில் இன்ஜின் இதைப்போலப் பல மடங்கு பெட்ரோல் கேட்கும்போது முள் எங்கே போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். (அதற்காக கேஜை மாட்டிக்கொண்டே ரோட்டில் ஓட்டிப் பார்க்கிற வீரர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.)

இன்ஜினை அணைத்துவிட்டும் முள்ளைப் பார்த்தோம். அணைத்த உடனே முள் கடகடவென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், எங்கேயோ ஒழுகுகிறது, அல்லது பம்ப்பின் வால்வு பிடிக்கவில்லை என்று அர்த்தம். எங்களுடையது அப்படியே நின்றது. அழுத்தம் 3ஐத் தாண்டிப் போயிருந்தால் ரெகுலேட்டர் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அதுவும் இல்லை.

ஆக, அழுத்தம் குறைவு என்பது நிரூபணம். ஆனால், பம்ப்தான் காரணமா? டேங்குக்குள் இருக்கிற வடிகட்டி அடைத்திருக்கலாம். உள்ளே ஹோஸ் கிழிந்திருக்கலாம். ரெகுலேட்டரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பெட்ரோலில் தண்ணி கலந்திருக்கலாம். இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். அதோடு தண்ணி அதிகமாகச் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணியும் கைகோத்துப் பிரிந்து டேங்கின் அடியில் போய் உட்காரும். பம்ப் உறிஞ்சுவதும் அடியில் இருந்துதான்! ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தோம். ரெண்டு அடுக்காகப் பிரியவில்லை. தண்ணி இல்லை.

கடைசியாக, பம்ப்புக்குக் கரன்ட் ஒழுங்காகப் போகிறதா? அதையும் விடவில்லையே நான்! கேஜைக் கழற்றி, ஹோஸைப் பழையபடி மாட்டித் துடைத்துவிட்டு, சீட்டைத் தூக்கி, டேங்குக்கு அடியில் போகிற பம்ப் கப்ளரைப் பிடுங்கினேன். மல்டிமீட்டரை வைத்து சாவியைப் போட்டால் 12.4 வோல்ட். பேட்டரியில் எவ்வளவோ அதே அளவு. "ஒயரிங் பக்கா. பம்ப்தான் போச்சு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன். சர்வீஸ் சென்டர் சொன்னதையே சொல்வதற்கு ரெண்டாயிரம் ரூபாய் செலவு, ஒரு பெட்ரோல் குளியல்! அண்ணன் சோகமாக பம்ப்பை ஆன்லைனில் தேடி, கார்ட்டிலும் போட்டுவிட்டான்.

பாய் வந்தார்

பம்ப் வந்தால் மாட்டித் தர முடியுமா என்று கேட்கத்தான் தெருமுனை மெக்கானிக் பாயைக் கூப்பிட்டோம். முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறவர். பைக்கைப் பார்த்தபடி அண்ணனிடம்தான் எல்லாக் கேள்வியும் கேட்டார். பதில் எல்லாம் நான்தான் சொன்னேன். மூணாவது பதிலுக்கு அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"கேஜ் வச்சுப் பார்த்தியா பாப்பா? எவ்ளோ காட்டுச்சு?"

சொன்னேன். ஆச்சரியப்பட்ட மாதிரிதான் இருந்தது. அப்புறம் வோல்ட்டேஜ் கதையையும் பெருமையாகச் சொன்னேன்.

"கப்ளரைப் புடுங்கிட்டா பார்த்தே?"

"ஆமா பாய்."

சிரித்தார். "சும்மா நிக்கிறவனைப் பார்த்து பலசாலின்னு சொன்னா எப்படி? மூட்டையத் தூக்கச் சொல்லிட்டுப் பாரு."

எனக்குச் சத்தியமாக ரெண்டு நிமிஷம் புரியவில்லை. புரிந்தபோது, ஃபர்ஸ்ட் இயர் எலெக்ட்ரிக்கல் லேபில் நான் வாங்கிய மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போல இருந்தது. கப்ளரைப் பிடுங்கினால் கரன்ட் ஓடாது. கரன்ட் ஓடாவிட்டால், வழியில் எத்தனை மோசமான ஜாயின்ட் இருந்தாலும் மல்டிமீட்டர் முழு வோல்ட்டேஜைத்தான் காட்டும். லோடு இல்லாமல் பார்த்தால் எல்லா ஒயரும் நல்ல ஒயர்தான்!

பாய் கப்ளரை மாட்டி, அதன் முதுகுப் பக்கமாக ரெண்டு குண்டூசியைச் செருகி, இன்ஜினை ஓடவிட்டு, மல்டிமீட்டரை வைக்கச் சொன்னார். வண்டி சூடாகிறவரை காத்திருந்தோம். பேட்டரியில் 13.8 வோல்ட். பம்ப்பில் 9.4!

நாலரை வோல்ட் எங்கே போனது? மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, இன்னொரு முனையை பம்ப்பின் எர்த் ஒயரில் வைத்தோம். ஒரே ஒயர்க் கோட்டின் ரெண்டு முனை. வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கணும். காட்டியது 4.1 வோல்ட்.

"வெள்ளத்துல நின்ன வண்டியா?" என்றார் பாய், கப்ளரைப் பிடுங்கிப் பார்க்கும் முன்னாலேயே.

நின்ற வண்டிதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணி, ரெண்டு நாள். அப்புறம் இன்ஜின் ஆயிலை மாற்றினோம், ஏர் ஃபில்டரை மாற்றினோம், பிரேக்கைப் பிரித்தோம். கப்ளரை யார் பார்த்தார்கள்? பிரித்தால் எர்த் பின் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. சுற்றி இருந்த வெள்ளை பிளாஸ்டிக் டீக்கறை மாதிரி பழுப்பாகி, ஒரு ஓரம் உருகியிருந்தது.

அன்றைக்கு ராத்திரி நோட்டில் கணக்குப் போட்டேன். இந்த பம்ப் இழுக்கிற கரன்ட் நாலு ஆம்பியருக்குக் கொஞ்சம் கம்மி. 4.1 வோல்ட்டோடு பெருக்கினால் சுமார் 15 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவு சூடு, ஒரு பின்னின் முனையில், பெட்ரோல் டேங்குக்கு நேர் அடியில்! சூடாக ஆக அந்த ஜாயின்ட் இன்னும் மோசமாகும், வோல்ட்டேஜ் இன்னும் குறையும், பம்ப் இன்னும் சோர்ந்து போகும். இருபது நிமிஷம் நிறுத்தினால் ஆறிப்போய்ச் சரியாகிவிடும். கொல்லிமலையில் நடந்தது வரிக்கு வரி அதுதான். பதினோராயிரம் கொடுத்து புது பம்ப் மாட்டியிருந்தால், அதே கப்ளரில்தான் மாட்டியிருப்பார்கள்.

பாய் அந்தப் பின்னைச் சுத்தம் பண்ணவில்லை. "உப்புத்தாள் போட்டா ரெண்டு மாசம் வரும், அப்புறம் மறுபடி மலையில நிப்பீங்க" என்று சொல்லிவிட்டு, பழைய கப்ளரையே வெட்டி எறிந்தார். புதுப்பேட்டையில் இருந்து அதே மாதிரி கப்ளர் கொண்டுவரச் சொல்லி, பின்களை நல்லா நசுக்கிப் பிடித்து மாட்டிக் கொடுத்தார். கப்ளர் நூற்றைம்பது ரூபாய். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு முந்நூறு என்றார்.

மறுபடி ஜில் இன்ஜின், மறுபடி ஃப்யூஸ், பனியன் துணி, 'டி' அடாப்டர். இந்தத் தடவை 'க்ளிக்' சத்தம் கேட்கிறவரை விடவில்லை. பேட்டரியில் 13.8, பம்ப்பில் 13.4. கேஜில் 3 பார். ஃபேன் மூணு தடவை ஓடி நின்ற பிறகும் முள் அசையவே இல்லை. அம்மாகூட கேட்டில் இருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

போன மாதம் கொல்லிமலைக்கு மறுபடி போனோம். எழுபதாவது வளைவில் நிறுத்தி போர்டோடு போட்டோ எடுத்துக்கொண்டோம். கேஜ் மட்டும் இப்போது எங்களிடம் இல்லை. 'ரெண்டு நாள்ல தர்றேன் பாப்பா' என்று பாய் வாங்கிக்கொண்டு போனார். ஒவ்வொரு தடவை கேட்கப் போகும்போதும் ஏதாவது ஒரு வண்டியில் மாட்டியிருக்கிறது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்.